டாக்டர் சொன்ன சோடா

ஜூன் 12, வியாழன்
காலையிலேயே வெயில். மணலி ஆலைப் பக்கத்து கேஸ் வாடை வேறு. இவருக்குக் கஞ்சித் தண்ணீர் அரை டம்ளர், அதிலும் பாதி திரும்பி வந்துவிட்டது. உணவுக்குழாய்ப் புற்று வழியை அடைத்துவிட்டது. நாளை ஸ்டென்ட் வைக்கிறார்கள். எடுத்துப் போக: ஃபைல், ஆதார், துண்டு 2, லுங்கி 1.

ஜூன் 13, வெள்ளி
வாய் வழியாகவே வைத்துவிட்டார்கள். கம்பி வலைக் குழாய், உள்ளே போய் விரிந்து வழியைத் திறந்து வைக்குமாம். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் முப்பது வருஷம் சுமை தூக்கினவர், சும்மா இருப்பாரா? “துரு புடிக்குமா டாக்டரம்மா?” அவங்க சிரித்துவிட்டார்கள்.

என்னிடம் தனியாக: “கட்டி அப்படியேதான் இருக்கும்மா. இனிமே மாசக் கணக்குதான். ஆனா அதுவரைக்கும் வாயால சாப்பிடுவாரு.” படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முகம் கழுவிக்கொண்டுதான் இவரிடம் போனேன்.

“இன்னா மே, கண்ணு செவந்துகீது?”

“வெயிலு.”

ஜூன் 14, சனி
வீடு. நெஞ்சு வலி, இரண்டு மூன்று நாள் இருக்குமாம். நர்ஸ் சொன்னது: குழைவாக. சின்னச் சின்ன வாய். ரொட்டி, கறித்துண்டு கூடாது. படுக்கும்போது தலை உயரமாக. சாப்பிட்டதும் இரண்டு மடக்கு சோடா, குழாய் அடைக்காமல் இருக்க.

சோடாவா! எட்டு வருஷமாக இந்த வீட்டு வாசலைத் தாண்டாத சாமான். சோடா வந்தால் பின்னாலேயே பிராந்தி வரும். இவர் குடியை விட்ட அன்று இரண்டுக்கும் சேர்த்துத்தான் சத்தியம் வாங்கினேன். இவர் முகத்தைப் பார்க்கணுமே, பச்சைப்பிள்ளை மாதிரி.

“நான் கேக்கல மே. நர்ஸம்மா சொல்லிச்சு.”

ஜூன் 16, திங்கள்
வலி குறைவு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் லாரிதான். பாய் கடையில் போய் சோடா கேட்டேன். பாய் கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாக்கா, அண்ணாத்தே திரும்ப ஆரம்பிச்சிட்டாரா?”

“டாக்டர் சொன்னது பாய்.”

நம்பவில்லை. நம்பாமல் போகட்டும்.

ஜூன் 17, செவ்வாய்
காசிமேட்டில் பால்சுறா மீன் கிடைத்தது. உதிர்த்துப் புட்டு செய்து, குழைந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். எட்டு வாய். ஒன்றும் திரும்பி வரவில்லை. எனக்குத்தான் பசி ஆறினது.

பிறகு சோடா. இரண்டு மடக்கு குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

“நீயும் குடி மே. எத்தினி வருசம் நான் மட்டும் தனியா குடிச்சிகினு கெடந்தேன்.”

குடித்தேன். மூக்கில் ஏறிவிட்டது.

“அழுவுறியா?”

“சோடா” என்றேன்.

நாளைக்கு இரண்டாக வாங்கணும்.