பெட்டியின் மேல் நீ எழுதிய ‘படி’

தங்கச்சி, போன பிறகும் நீ என்னைச் சும்மா விடுகிறாயா பார். நேற்று திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஏறும்போது முந்தானையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நாராயணவனத்துக்குப் பக்கத்தில் நம் பள்ளிக்கூடமும், கொட்டாங்கச்சி நிறைய, மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் வண்டிமையை வைத்துக்கொண்டு முழங்கை வரை கறுப்பாக நீ நின்றதும் கண்முன்னே வந்தன.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருத்தணி மெட்ராஸ் பக்கம், நம் ஊர் ஆந்திரா பக்கம் என்று எல்லை பேசி முடித்த சமயம். நான் தமிழ்ப் பிரிவு டீச்சர். நீ ரேணிகுண்டாவிலிருந்து ரயிலில் வந்துபோன தெலுங்குப் பிரிவு டீச்சர். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுகூடப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். வேறு பக்கத்தைக் காட்டினால் திருதிருவென்று விழிப்பார்கள். ஊர்க்காரர்கள் வாங்கித் தந்த கதைப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. கிழித்துவிடுவார்கள் என்று அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் நான்தான்.

எல்லைக் குழப்பத்தில் சாமான் எதுவும் கைமாறிவிடக் கூடாது, எல்லாவற்றிலும் பள்ளிக்கூடம் என்று எழுதி வையுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். என்னிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த நீ, தமிழ்ப் பிரிவுச் சாமானில் நானே எழுதுகிறேன் என்று குதித்தாய். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பெஞ்சில் வண்டிமையால் ‘படி’. தண்ணீர்ப் பானையில் ‘படி’. தகரப் பெட்டியிலும் கொட்டை எழுத்தில் ‘படி’.

“என்னடி கூத்து இது?”

“பள்ளிக்கூடம்னுதானே அக்கா எழுதச் சொன்னாரு? மா தெலுங்குல அது படிதானே?”

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. நீ வாயால் சொல்லும்போது அந்தப் ‘ப’ பஸ், பசவன் என்பதில் வருவதுபோல அழுத்தமாகத்தான் வந்தது. தமிழில் அதற்கென்று தனி எழுத்து ஏது? எழுதினால் உன் பள்ளிக்கூடமும் எங்கள் ‘படி’யும் ஒன்றுதான். பிள்ளைகளோ பானையைச் சுற்றி நின்றுகொண்டு, “டீச்சர், இத்த எப்பிடி படிக்கிறது?” என்று என் உயிரை வாங்கினார்கள்.

அப்போதுதான் மூன்றாம் வகுப்பு கன்னியம்மா பெட்டி முன்னால் வந்து நின்றாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“படின்னு எழுதிக்கினு பூட்டும் போட்டுக்கினு கீறீங்களே டீச்சர்?”

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ கையை நீட்டினாய். “கிழிச்சிட்டா?” என்றேன். “நான் ஒட்டித் தரேன் அக்கா. சாவி இய்யி” என்றாய். கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் பெரிய காரியம். மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துகொள்வாய். பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து யாராவது ஒருத்தர் மடியில் வைப்பாய். “எனக்குத் தமிழ் ராதும்மா. இதுல ஏமி கீதுன்னு படிச்சி சொல்லு.” டீச்சருக்கே தெரியாததை நாம் சொல்லப்போகிறோம் என்று அதுகளுக்கு அப்படி ஒரு பெருமை! எழுத்துக்கூட்டி, தடுக்கி, ஒருத்தரையொருத்தர் திருத்தி உனக்குப் படித்துக் காட்டினார்கள். நீ வேண்டுமென்றே எதையாவது தப்பாகச் சொல்வாய். “அப்பிடி இல்ல டீச்சர்!” என்று கூரை பறக்கும். கிழிந்த பக்கங்களைச் சோற்றுப் பசை தடவி ஒட்டினாய்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நான் பாடப் புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. நேராகப் பெட்டிக்குப் போய், ஒட்டுப் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினார். பானைக்குள் தலை மாட்டிக்கொண்ட கரடியின் கதை. அவள் அவருக்கு முதுகைக் காட்டி, வாசலில் நின்ற உன் பக்கம் திரும்பிப் படிக்க ஆரம்பித்தாள்.

“இங்க பாத்து படிம்மா” என்றார் அவர்.

“அவங்களுக்குத்தான் சார் தமிழ் வராது. நேத்து கத பாதியில நின்னுகினு கீது.”

அவர் கதை முடியும்வரை நின்று கேட்டார். தமிழ்ப் பிரிவு நடக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். நான் கரும்பலகைக்குப் பின்னால் போய் அழுதேன். நீ பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாய்.

அடுத்த வருஷம் உனக்குத் திருப்பதிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போட்டாய். முழுக்கத் தமிழ், ஒரு ஒற்றெழுத்துகூடத் தப்பவில்லை. அடுத்த முறை பார்த்தபோது உன் காதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“எப்படி கத்துக்கினே இவ்ளோ?”

“ரெண்டாம் மாசமே வந்துடுச்சி அக்கா. சொல்லிட்டா புள்ளைங்க படிக்கிறத நிறுத்திடுவாங்களே!”

பெட்டியைப் பூட்டியவள் நான், திறந்தவள் நீ. நீ உயிரோடு இருக்கும்போது இதை உன்னிடம் வாய் திறந்து சொன்னதில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகு கடிதத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது சாயங்காலமானால் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கதைப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வருகிறாள். பாவம், டீச்சரம்மாவுக்குக் கண் தெரியாது என்று விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டுகிறாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கண் ஆபரேஷன் போன வருஷமே ஆகிவிட்டது, தங்கச்சி. எல்லாம் நன்றாகவே தெரிகிறது. நீயும் சொல்லிவிடாதே.