மாடி ஜன்னலுக்கு வைத்த மூங்கில்

அன்புள்ள அம்மாடிக்கு,

உன்னை வளர்த்த பெரியப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போது நடப்பது அத்தனையும் நான் அன்றைக்கே சொன்னதுதான். பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் தோண்டும்போதே இவன் மாடி எழுப்புவான், ஜன்னலை நம் பக்கம்தான் வைப்பான் என்றேன், வைத்தான். பின்தோட்டத்தில் மூங்கில் நட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மறைத்துவிடும் என்றேன், மறைத்தது. எந்த அளவுக்கு என்றால், சமையலறை ஜன்னலைத் திறந்தால் இலைதான் முதலில் உள்ளே வந்து இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறது.

செடி வாங்கப் போன கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. முட்டிவலியோடு இருந்த உன் பெரியம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனேன். நர்சரிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார். இடம் எவ்வளவு என்று கேட்டார், ரெண்டு கட்டில் போடலாம் என்றாள் உன் பெரியம்மா, நான் நாலு என்றேன். செம்பருத்தி வைங்க, தலை உயரத்துல வெட்டி விட்டுக்கலாம், வெளிச்சமும் வரும், மூங்கில் வேணாம், வேர் ஓடும் என்றார். பெரியம்மாவுக்கும் செம்பருத்திதான் ஆசை, தொட்டியைக் கையிலேயே எடுத்துவிட்டாள். நான் விடுவேனா, அது இடுப்புயரம் வர்றதுக்குள்ள என் இடுப்பு போயிடும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, சரி, பார்வை எங்கேருந்து வருது, யாரு பாக்குறாங்க, அதைச் சொல்லுங்க, அந்த இடத்துல மட்டும் உசரமா ஒண்ணு வச்சா போதும் என்றார். மாடி ஜன்னல்ல ஒருத்தன் தினமும் பல் தேய்ச்சுக்கிட்டே, வாயெல்லாம் நுரையோட, இவளையே பாக்குறான் என்றேன். பெரியம்மா தொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். மூங்கிலே இருக்கட்டும் என்றாள்.

அதிலிருந்து அவள் பின்தோட்டத்தில் கால் வைப்பதில்லை அம்மாடி. முட்டிவலியோடு தெருவுக்குப் போக முடியாதவளுக்கு வெளி என்று இருந்தது அந்த இரண்டு கட்டில் இடம்தான், தலை காயவைப்பது, கீரை ஆய்வது, உன்னோடு போன் பேசுவது எல்லாம் அங்கேதான். மூங்கில் வளர்ந்தால் வருவாள் என்று பார்த்தேன். காத்தடிச்சா விலகுது, பாத்துடுவான் என்கிறாள். கதவைத் தாழிட்டு, கதவிடுக்கில் துணியும் திணித்து, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கிடையே மூங்கில் வேர் சுவருக்கு அடியில் நுழைந்து குளியலறை டைல்ஸைப் பெயர்த்துவிட்டது, நேற்றுக் குளிக்கும்போது ஒரு முளை என் காலைப் பிடித்து இழுத்தது. சரி வெட்டுவோம் என்று அரிவாளை எடுத்தால், வெட்டுங்க, அப்புறம் நான் சமையலறைக்குக்கூட வரமாட்டேன், உள் ரூம்லயே கிடக்குறேன் என்கிறாள். வெட்டினாலும் அடைப்பு, வெட்டாவிட்டாலும் அடைப்பு, ஜெயில் வார்டன்கூட வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவான், எனக்கு அதுவும் இல்லை. நீ போனில் கேட்டால் நல்லா குளுகுளுன்னு இருக்கு என்பாள், நம்பாதே.

நீ அங்கே மறைப்புக்குச் செடி வைப்பதானால், உட்காரும் இடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு வை, சின்ன இடத்துக்கு ஓடுகிற வேர் ஆகவே ஆகாது, இதையும் நான் அன்றைக்கே சொன்னேன், மனசுக்குள் சொன்னேன். போர்வையை வெயிலில் போட மறக்காதே. காற்றும் வெளிச்சமும் உள்ள வீட்டில் நீ நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும்.

வழக்கம்போல் உறையின் மேல் உன் முகவரியை உன் பெரியம்மாதான் எழுதுவாள், எழுதுமுன் ஒரு வரி விடாமல் படிப்பாள் என்பது உனக்கே தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன். பல் தேய்க்கிறவன் என்று யாரும் இல்லை, அவன் என் கைச்சரக்கு. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உடைந்த நாற்காலியும் பழைய சாமானும்தான் கூரை வரை அடுக்கியிருக்கிறது, அதைக் கட்டிய கொத்தனாரே சொன்னார். அவள் தலை காயவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
அரிவாளோடு காத்திருக்கும்
உன் பெரியப்பா