தினையில் படிந்த செம்பொடியும் உமணர் விடுதலையும்

மழை பொய்யாத வெண்குன்ற நாட்டை ஆளும் கோமான் அருங்குன்றனாரின் திருவுளப்படி, அமைச்சர் கூத்தன் நம்பி, தென்வாயில் காக்கும் படைத்தலைவர் எயினன் மாறனாருக்கு விடுக்கும் ஓலை. உம் வாளும் குடியும் நலமுடன் விளங்குக.

மலைச்சரிவில் தினைத்தாள்கள் நோயுற்றுச் செம்பொடி உதிர்த்தபோது, உப்பு வண்டியோடு வந்த வணிகராம் உமணரே அதைக் கொணர்ந்தனர் என்று ஊரார் முறையிட்டதையும், நீர் அவர்களைக் காவலில் வைத்ததையும், நோயுற்ற தாள்களை அடித்துச் சாய்த்துக் கொளுத்துமாறு அரசாணை பிறந்ததையும் அறிவீர். குற்றத்தை உறுதிசெய்ய அரண்மனை மருத்துவர் கொற்றியார் அனுப்பப்பட்டார்.

உமணரின் சாக்குகளை உதறியதும் கரும்பொடி உதிரவே, செம்பொடியே நாட்பட்டுக் கருத்தது எனக் கொண்டு, ஊரார் சொல் சரியென்றே அவரும் முதலில் எண்ணினார். ஆயினும் நுண்பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் பளிங்கு மணியின் வழியே நோக்கியபோது துணுக்குற்றார். சாக்கின் பொடி உருண்டு திரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. தினையின் பொடியோ தனித்தனியாய், உமி போல் நீண்டு மெலிந்திருந்தது. கதவடைத்த அறையில் இரண்டையும் உயரத்திலிருந்து தூவினார். கரும்பொடி காலடியிலேயே விழுந்தது. செம்பொடி இறங்க மனமின்றி மிதந்து எதிர்ச்சுவர் வரை சென்றது.

பின்பு, வண்டி ஏற வழியில்லாத காவற்கோபுரத்தின் உச்சியில் பிசின் தடவிய பலகையை வைத்தார். அதில் ஒட்டியவை யாவும் நீண்ட துகள்களே. அங்கு நின்றபடி அவர் கீழே பார்த்தார். நம் ஆட்கள் உச்சிவெயிலில் தாள்களை அடித்துக்கொண்டிருந்தனர். அடிக்கு அடி செம்புழுதி எழுந்து, நோய் தீண்டாத வயல்களை நோக்கிக் காற்றோடு போயிற்று.

உமணர் குற்றமற்றவர் என்று அவர் திரும்பிவந்து உரைத்ததை அரசவை அமைதியாய்க் கேட்டது. அதற்கு மேல் பேசினால் தமக்குக் கேடு என்று அறிந்தும் கொற்றியார் நிறுத்தவில்லை.

"நோயை மலையேற்றியது காற்று, கோமானே. ஊரெங்கும் பரப்பியது நம் ஆணை."

கோமான் இவ்வோலையை எழுதப் பணித்தார்.

ஆதலால், தாள்களை இனி எவரும் அடிக்கலாகாது. பனியீரம் காயுமுன் மெல்ல அறுத்துக் குழியிலிட்டு மூடுக. உமணரை இவ்வோலை கண்டவுடன் விடுவித்து, எருதுகளுக்குத் தீனியிட்டுக் கையளிக்க. அவர்தம் வண்டிகள் எல்லை கடக்கும்வரை, ஊரார் காண, நீரே படைக்கலமின்றி முன்னே நடந்து செல்க. ஏன் என்று வினவுவோர்க்கு, அரசன் தவறிழைத்தான் என்று கூறுக. இச்சொல்லைச் சற்றே மென்மையாக்கி எழுத யாம் முனைந்தோம், கோமான் இசைந்திலர்.

அவர் கையாலேயே வேங்கை இலச்சினை பொறிக்கப்பட்டது.