ஒருசந்தியும் வலது கண்ணும்

பிப். 18, புதன்
காலையில் பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. பனிதானா, என் கண்ணா? வீட்டுக்காரரைக் கேட்டேன். "பனிதான்டி, பேசாம கெளம்பு" என்றார். உயிர் வந்தது.

திருநீற்றுப் புதன், நெற்றியில் சாம்பல். நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டேன். சாயங்காலம் ஒருவேளைச் சாப்பாடு மட்டும். வலது கண்ணுக்காக. இடது கண் போன வருடமே பாதி போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான். நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நானா நோயாளி? தினமும் திருவாண்டார்கோயில் மாத்திரைக் கம்பெனிக்குப் போய் எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன்.

கண் வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரை: காலை நாலு, சாப்பிட்டபின். காலையில்தான் சாப்பாடே இல்லையே. வெறும் வயிற்றில் போட்டால் புண் வருமாம், சாயங்காலம் போட்டால் தூக்கம் வராதாம். நர்ஸ் சொன்னது. சரி, ஞாயிறு ஒருசந்தி கிடையாது, அன்றைக்குப் போட்டால் போகிறது. சொட்டு மருந்து வழக்கம்போல். மாத்திரையால் ஊதிய முகமும் கொஞ்சம் வடியட்டும்.

பிப். 22, ஞாயிறு
மூன்று நாளாக உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. வாந்தி வருகிற மாதிரி. பூசை முடிந்து நாலு இட்லி, நாலு மாத்திரை. மதியத்துக்குள் தெம்பு. ஒருசந்தி வேலை செய்கிறது!

வாங்க: சோப்பு, கறுப்புக் கண்ணாடி, அவருக்கு பிளேடு.

பிப். 27, வெள்ளி
வெயில் ஆரம்பித்துவிட்டது. வலது கண் சிவப்பு. டியூப்லைட்டைப் பார்த்தால் உள்ளே குத்துகிறது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள், எறும்பு ஓடுவது போல.

கம்பெனியில் என் வேலை, பெல்ட்டில் வரும் மாத்திரை அட்டையில் காலிக் குழி இருந்தால் பிடிப்பது. இன்று இரண்டு அட்டையைத் தவறவிட்டேன். சூப்பர்வைசர் வந்து முகத்தைப் பார்த்தான்.
"இன்னாக்கா, மெட்ராஸ் ஐ-யா? எல்லாருக்கும் ஒட்டிக்கப் போவுது."
"இது ஒட்டாதுப்பா. கிருமியே இல்ல. என் உடம்பே என் கண்ண எதிரின்னு நெனச்சி அடிக்குது."
"அது எப்டிக்கா, சொந்த உடம்பு அடிக்கும்?" பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். டாக்டரம்மா சொன்னபோது நானும் சிரித்தவள்தான். திங்கள் லீவு போட்டுக் கண்ணைக் காட்டச் சொல்லிவிட்டான் சூப்பர்வைசர். இந்த வேலையும் போனால்?

சாயங்காலம் மாதாகோயிலில், சிலுவைப் பாதை செபத்தில் முழங்காலிட்டு எழும்போது தலை சுற்றியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 2, திங்கள்
கண் ஆஸ்பத்திரி. அவரும் வந்தார். லென்ஸ் வைத்து டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். முகம் மாறியது.
"திரும்ப வீங்கியிருக்கு. இந்தத் தடவை பின்னாடி வரைக்கும். மாத்திரைய விடலையே? திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு சொல்லியிருக்கேன்ல?"
"இல்ல மேடம், டெய்லி போடறேன்."
வாய் தானாகச் சொல்லிவிட்டது. போன தடவை சொட்டு மருந்து ஒரு வேளை தவறியதற்கே அந்தத் திட்டு.
"அப்போ இது உங்களுக்குக் கேக்கல. எதிர்ப்புச் சக்திய அடக்கற ஊசிதான். அதுக்கு முன்னாடி டி.பி. இருக்கா, லிவர் எப்படின்னு பார்க்கணும். அதுவரைக்கும் அதே நாலு, விடாம."

ரத்தம் மூன்று குப்பி. எக்ஸ்ரே. ஃபாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். கேட்காமல் போனது மாத்திரை இல்லை, நான். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வெட்கம்.

நாளை சாப்பிட்டுப் போட வேண்டும். நேர்ச்சையை உடைத்து, அதனாலேயே கண் போனது என்று ஆகிவிட்டால்?

மார்ச் 3, செவ்வாய்
வெயில் ஏறிவிட்டது, எனக்கு விடியவில்லை. வலது கண்ணில் புகை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே அவர். சட்டை தெரிந்தது, காலர் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிறு மட்டும் போட்டது, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"எதுக்குடி அந்த ஒருசந்தி?"
"கண்ணுக்குத்தான்" என்றேன்.
ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வண்டிச் சாவியை எடுக்கச் சொல்கிறார். மேசை மேல்தான் இருக்கிறது என்கிறார். எனக்குத் தெரியவில்லை.