இருபத்திரண்டு கையெழுத்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. கையும் காலும் இருந்த இடத்தில் இருக்கின்றன, அது போதும். இந்தக் கடிதத்தை உங்கள் உதவி நிறுவனத்துப் பொறியாளரம்மா கையோடு கொண்டுவந்து கொடுப்பார். இதில் யார் பெயரும் இருக்காது. ஏன் என்று படித்துக்கொண்டே போனால் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் அனுப்பிய ஜெனரேட்டர் ஆற்றங்கரை பம்ப் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போய் நாற்பது நாளாகியும் பாதி ஊருக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. அதைவிடப் பெரிய உதவி அந்த அம்மா நடத்திய பயிற்சி. எந்த வேலையும் ஒரே ஆளை நம்பி இருக்கக்கூடாது, மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். குடிநீர் அலுவலகத்தில் என்னையும் சேர்த்து மிஞ்சியது ஆறு பேர். ஊர்க்காரர்கள் பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டோம். இப்போது சலூன்காரருக்கு வால்வு திருப்பத் தெரியும். தையல்காரம்மா குளோரின் அளவு பார்க்கிறார். போன வாரம் ஷெல் குண்டு விழுந்து பெரிய குழாய் உடைந்தபோது பம்ப் ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டே மணி நேரத்தில் இவர்களே அடைத்துவிட்டார்கள். ஆபரேட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப நான் எதுக்கு, வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்று முறுக்கிக்கொண்டார்.

இனி கெட்ட செய்தி. பக்கத்து ஊர் எதிர்ப்படையிடம் கைமாறியது உனக்குத் தெரியும். அங்கேயும் இதே போல ஒரு குழு, இதே உதவி. நகராட்சி பீரோவில் பயிற்சிக்கு வந்தவர்கள் பட்டியல் இருந்திருக்கிறது. முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், கையெழுத்து, எல்லாம். உள்ளே நுழைந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு வேலை பார்த்தவர்கள் என்று ஒன்பது பேரைக் கொண்டுபோனார்களாம். அதில் ஒருவர் அந்த ஊர் டைப்பிஸ்ட். அவர் மனைவி தப்பி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "தண்ணி விட்டதுக்கா புடிச்சுட்டுப் போவாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இரண்டாவது ஜெனரேட்டர் எங்கள் ஆஸ்பத்திரிக் கிணற்றுக்கு. பிரசவ வார்டுக்கு இன்னும் குடத்தில்தான் தண்ணீர் சுமக்கிறோம். அது எல்லை வரை வந்து நிற்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு எங்கள் பட்டியல் வந்தால்தான் விடுவிப்பார்களாம். ஒரு பிரதி இங்கே பீரோவிலும் இருக்க வேண்டுமாம். பெயருக்குப் பதில் எண் போடுகிறோம் என்று மூன்று முறை எழுதினேன். பொறியாளரம்மாவும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. உங்கள் ஆட்களைத் திட்டவில்லையப்பா, உதவி யார் கைக்குப் போகிறது என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேற்றிலிருந்து சத்தம் நெருங்கிவிட்டது.

குழுவைக் கூப்பிட்டு விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். சலூன்காரர் எழுந்து, "ஆஸ்பத்திரிக்குத்தானே மேடம், பேனாவைக் குடுங்க" என்றார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். நான் கொடுக்கவில்லை. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

தம்பி, இதோடு ஒட்டிய உறை ஒன்று வரும். அதில் இருபத்திரண்டு கையெழுத்து. அத்தனையும் நான் போட்டவை. இருபத்தோரு பெயர் கற்பனை. முகவரிகள், குண்டு விழுந்து ஆளே இல்லாமல் போன தெருக்களில். முதல் பெயர் மட்டும் நிஜம், அது என்னுடையது. யாராவது தேடி வந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? பொறியாளரம்மாவுக்கு எதுவும் தெரியாது.

தாள்களைச் சரிபார்த்து முத்திரை வைப்பது நீ. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாய். எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினேழு வாங்கிவிட்டு, வீட்டுக்குள் வரப் பயந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாயே, அப்பா கையெழுத்தை நான்தானே போட்டுக் கொடுத்தேன்! வாத்தியார் மார்க் அட்டையை உன் மூக்குக்கு நேரே பிடித்து, "இது உங்கப்பா போட்டதுதானா?" என்று கேட்டாராம். நீ கண்ணைக்கூடக் கொட்டாமல் "ஆமா சார்" என்றாயாம். இது உன் வேலைக்கே உலை வைக்கலாம், தெரியும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ அனுப்பிய விசாத் தாள் பத்திரமாக இருக்கிறது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். எனக்கென்று ஒதுக்கிய அறையைச் சும்மா பூட்டி வைக்காதே, பிள்ளைகளை அதில் படுக்கவை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அங்கேயும் யாராவது அந்தத் தாளை உன் மூக்குக்கு நேரே பிடித்துக் கேட்பார்கள். அன்றைக்குச் சொன்னதையே சொல்லுடா, ராஜா.

இப்படிக்கு,
பட்டியலில் முதல் ஆள்,
உன் அக்கா