உடல்நலக் காரணம்

செவ்வாய், நவ. 4
மழை. முழங்கால் வலி.
என் வீட்டுக்காரரைப் பங்குச் சந்தைத் தலைவர் பதவியிலிருந்து விலகச் சொன்னது நான் இல்லை. அண்ணன் கம்பெனியைக் காப்பாற்றப் புருஷனை வீட்டில் உட்கார வைத்தேன் என்று மாதா கோயில் பெண்கள் இத்தனை வருடமாகப் பேசுகிறார்கள். தவறு. அந்தக் கம்பெனி லாபத்தை ஊதிப் பெருக்கிக் காட்டியது. அதன் பங்கு வர்த்தகத்தை நிறுத்தும் உத்தரவில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். மறுநாள்தான் விலகினார். “மச்சான் மேல கை வச்சவன் அந்த நாற்காலில இருக்கக்கூடாது” என்றார். அவ்வளவே.

தபாலில் பங்குச் சந்தை வெளியிடும் புத்தகத்தின் பிரதி, அச்சுக்கு முன் பார்த்துச் சொல்ல. முன்னாள் தலைவர்கள் பற்றி. அவருக்கு ஒரே பக்கம். பாலோ எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியின் மகன், தரகர் ஆபீஸ் பலகையில் சாக்கட்டியால் பங்கு விலை எழுதியவர், தலைவரானது. சரி. கடைசி வரி: ‘உடல்நலக் காரணங்களால் விலகினார்.’ அன்று அவருக்குச் சளிகூட இல்லை.

புதன்
புத்தகம் தயாரிக்கும் பெண்ணுக்குப் போன்.
“ஆன்டி, நாங்களா எழுதல லா. அப்ப பேப்பர்ல நீங்கதான் சொல்லியிருக்கீங்க. கட்டிங் அனுப்பட்டுமா?”
அனுப்பினாள். என் வாய்வார்த்தைதான். ‘இதயம் பலவீனம், ஓய்வு தேவை.’ குடும்பச் சண்டை என்று ஊர் சிரிக்கக்கூடாதே என்று நிருபரிடம் சொன்னது. மறுநாள் என் வீட்டுக்காரர் அதைப் படித்தார், பேப்பரை மடித்து வைத்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று சாகும்வரை கேட்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். மறக்கவில்லை.

ஞாயிறு
பூசை. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், கம்பெனி விவகாரத்துக்குப் பிறகு அண்ணன் எப்போதும் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று கை நீட்டினார். எலும்பு மட்டும். வெளியே வந்ததும்:
“அந்தப் புத்தகக்காரப் பொண்ணு எனக்கும் போன் போட்டுச்சு. ஒடம்பு சரியில்லன்னே இருக்கட்டும் தங்கச்சி. நமக்கும் வயசாயிருச்சு லா.”
“உங்களுக்குத்தான் வயசாச்சு.”
சிரித்தார். எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

திங்கள்
பிரஷர் மாத்திரை. தபால் தலை. சமையல் கேஸ்காரனுக்குப் போன்.
தூக்கம் இல்லை. அடுத்த பூசையில் அண்ணன் எந்தப் பக்கம் திரும்புவாரோ.
புத்தகக்காரப் பெண்ணுக்குக் கடிதம், மூன்றாம் முறை எழுதியது:

‘அன்று பத்திரிகைக்கு நான் சொன்னது பொய். என் கணவர் நலமாக இருந்தார். மனைவியின் அண்ணன் நடத்திய நிறுவனத்தின் பங்கு வர்த்தகத்தை நிறுத்திவிட்டு, தாமாகவே விலகினார். இப்படியே அச்சிடவும். முடியாவிட்டால் அவர் பக்கத்தையே எடுத்துவிடவும். போன் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.’