கழற்றக் கூடாத சங்கிலி

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் விட்டதா? நான் சுகம்.

நேற்று வேலைக்குப் போகும் வழியில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. அடி இல்லை. மிதிகள் காற்றில் சுழல, சத்தமே இல்லாமல் சரிவில் மிதந்து இறங்கினேன். கனவில் பறப்பதுபோல் இருந்தது.

சைக்கிள் கடைக்காரர் சங்கிலியின் இரு முனைகளையும் சேர்க்கும் லிங்க்கைப் பார்த்துச் சிரித்தார்.

"இதை எத்தனை தடவைம்மா கழட்டி மாட்டின?"

"வாராவாரம் கழட்டிக் கழுவுறேண்ணா. ரொம்ப நாள் உழைக்கட்டும்னுதான்."

"கழட்டிக் கழட்டியே லிங்க்கை லூசாக்கிட்ட! மாட்டினபடியே துணியால துடைச்சாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை."

ஞாயிறு மதியம் எனக்கு வேறு வேலை இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

துடைக்க உங்கள் பழைய பனியன் ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கும் துணி நூல் விடுகிறது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி ஞாயிறு மதியம் போன் பண்ணுங்கள் அப்பா. கையில் கிரீஸ் இருக்காது, முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

உங்கள் மகள்